ஜிஎம்ஆர்டி படத்தில் ஒரு மூன்று சிக்மா புள்ளி: காமா கதிர் வெடிப்பின் பின்னொளியா, வெறும் இரைச்சலா?

பொருநைக்கரை:

வணக்கம். எம்.எஸ்சி இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் ஆர்கைவில் கிடந்த பழைய டேட்டா ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நீண்ட வகைக் காமா கதிர் வெடிப்பு, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பிடித்தது. எந்த வெடிப்பு என்று இங்கே போட வேண்டாம் என்று கைடு சொல்லிவிட்டார், மன்னிக்கவும். வெடிப்புக்குப் பின் மிஞ்சி மெல்ல மங்கும் ஒளியான பின்னொளி எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது, அதன் இடக்குறிப்புக்கு 1.8 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) ஆரமுள்ள பிழை வட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஜிஎம்ஆர்டி அந்த இடத்தைப் பார்த்தது வெடிப்பு நடந்த ஆறாவது நாள், பேண்ட் 5 என்ற அலைவரிசைப் பட்டையில், 1260 மெகாஹெர்ட்ஸை நடுவாக வைத்து.

காசா மென்பொருளில் ஒருவழியாகப் படம் வந்துவிட்டது. இரைச்சல் அளவு, அதாவது ஒரு சிக்மா, 40 மைக்ரோ ஜான்ஸ்கி (ஜான்ஸ்கி என்பது ரேடியோ பிரகாசத்தின் அலகு). எக்ஸ்ரே மையத்துக்கு வடமேற்கே 3 ஆர்க்செகண்ட் தள்ளி ஒரு புள்ளி, உச்சம் 130 மைக்ரோ ஜான்ஸ்கி. மூன்று சிக்மாவுக்குக் கொஞ்சம் மேலே. பார்த்த ராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில் கைடிடம் காட்டினால் "ம்" என்றார், அவ்வளவுதான்.

இது பின்னொளிதானா என்று எப்படி முடிவு செய்வது? கூடவே இன்னொரு சந்தேகம். காமா கதிர் சில நொடிகளில் முடிந்துபோகிறது, ரேடியோக்காரர்கள் மட்டும் பத்தாம் நாள், நாற்பதாம் நாள், இருநூறாம் நாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்? பூனம் சந்திராவும் டேல் ஃப்ரெய்லும் 2012இல் வெளியிட்ட தொகுப்பில் 304 வெடிப்புகளில் 95தான் ரேடியோவில் தெரிந்தன என்று இருக்கிறது. மீதி இருநூற்றுச் சொச்சத்துக்கு ரேடியோ பின்னொளி இல்லவே இல்லையா, அல்லது நமக்குத்தான் தெரியவில்லையா?

இரவுப்பறவை:

நான் வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆள்தான், ரேடியோ என் ஏரியா இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த வெடிப்பின் பெயரைப் போட்டு ஜிசிஎன் சுற்றறிக்கைகளை (வெடிப்புகள் பற்றி வானியலாளர்கள் உடனுக்குடன் பகிரும் குறிப்புகள்) முதலில் இருந்து கடைசி வரை படித்துவிட்டீர்களா? எல்லாமே பொதுவில் இருப்பவை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விஎல்ஏ, மீர்கேட், நாராப்ரியில் இருக்கும் ஆஸ்திரேலியக் குழுமம், கேம்பிரிட்ஜின் ஏஎம்ஐ என்று ரேடியோ தொலைநோக்கிக்காரர்கள் யாராவது அதே வாரத்தில் அந்த இடத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதியிருப்பார்கள். 10 கிகாஹெர்ட்ஸில் யாராவது "பார்த்தோம், இவ்வளவு" என்று எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்துவிடும், "பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாலும்தான்.

டிஷ்_முப்பது:

மேலே சொன்னது சரி, அதை இன்றைக்கே செய்யுங்கள். இப்போது புள்ளிக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

பேண்ட் 5இல் ஒரு டிஷ்ஷின் பார்வைப் பரப்பு சுமார் 24 ஆர்க்மினிட் அகலம். உங்கள் படத்தின் பீம், அதாவது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய புள்ளியின் அளவு, 2 ஆர்க்செகண்ட் சொச்சம் இருக்கும். அந்தப் பரப்புக்குள் எத்தனை தனித்தனிப் பீம் அடங்கும் என்று கணக்குப் போட்டால் லட்சக்கணக்கில் வரும். இரைச்சல் ஒழுங்கான காஸியன் வடிவத்தில் இருந்தால்கூட மூன்று சிக்மாவைத் தாண்டும் புள்ளிகள் அதில் சில நூறு தானாகவே முளைக்கும். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் படத்தில் எங்காவது வெறுமையாக இருக்கும் மூலையில் கலர் ஸ்கேலை இறுக்கிப் பாருங்கள், இதே மாதிரி புள்ளிகள் எத்தனை தென்படுகின்றன என்று தெரியும். அதனால்தான் கண்மூடித்தனமாகத் தேடும்போது ஐந்து சிக்மாவுக்குக் கீழே யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் நீங்கள் படம் முழுக்கத் தேடவில்லை, ஒரு சின்ன வட்டத்துக்குள் தேடுகிறீர்கள். அதற்குள் அடங்குவது இரண்டு மூன்று பீம்தான். அங்கே சரியாக மையத்தில் ஒரு மூன்று சிக்மா புள்ளி வந்தால் அதற்கு மதிப்பு உண்டு, தற்செயலாக வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. உங்கள் சிக்கல் என்னவென்றால் புள்ளி வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. 130க்கு 40 என்ற அளவில் உள்ள புள்ளியின் இடத்தை அரை ஆர்க்செகண்ட் பிழையோடு சொல்லிவிடலாம். ஃபேஸ் கேலிபரேஷன் (டிஷ்களுக்கு இடையிலான அலைக்கட்டப் பிழையைத் திருத்துவது) சரியில்லாமல் படம் முழுவதுமே நகர்ந்திருக்கலாம், அது தனி விஷயம். அதைச் சோதிக்க ஒரே வழி, அதே படத்தில் இருக்கும் வேறு பளிச்சென்ற மூலங்களின் (ரேடியோ விடும் பொருட்களின்) இடத்தை விஎல்ஏ எடுத்த ஃபர்ஸ்ட் அல்லது விஎல்ஏஎஸ்எஸ் வானக் கணக்கெடுப்புப் பட்டியலோடு ஒப்பிடுவது. எல்லாம் ஒரே பக்கமாக ஒரு ஆர்க்செகண்ட் நகர்ந்திருந்தால் உங்கள் புள்ளியையும் அவ்வளவு நகர்த்திப் பாருங்கள். நகராமல் சரியாக இருந்தால், அந்தப் புள்ளிக்கும் வெடிப்புக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்புக் குறைவு.

அடுத்தது, 40 மைக்ரோ ஜான்ஸ்கி என்பதே எனக்கு உறுத்துகிறது. மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டியில் பேண்ட் 5இல் ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்தாலே 20க்குக் கீழே இறங்க வேண்டும். ஒன்று, ஃப்ளாகிங், அதாவது குறுக்கீடு புகுந்த டேட்டாவை வெட்டி எறிவது, சரியாகச் செய்யவில்லை. அந்தப் பட்டையில் 1176, 1227 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் கத்திக்கொண்டே இருக்கும், கீழ்ப்பகுதியில் விமானங்களின் வழிகாட்டி சிக்னல் வேறு. தானியங்கி ஃப்ளாகிங் நிரலை ஓட்டிவிட்டு அப்படியே விட்டீர்களா, ஒவ்வொரு டிஷ் ஜோடியாக, அதாவது பேஸ்லைனாகக் கண்ணால் பார்த்தீர்களா? இரண்டாவது, பக்கத்தில் ஏதாவது பிரகாசமான மூலம் இருக்கிறதா? ஜிஎம்ஆர்டியின் 30 டிஷ்களில் 14 நடுவில் ஒரு கிலோமீட்டருக்குள் நெருக்கமாக நிற்கின்றன, மீதி 16 மூன்று கைகளாக ஒய் வடிவத்தில் நீள்கின்றன. அதனால் பிரகாசமான மூலத்தைச் சுற்றி ஆறு கை நட்சத்திரம் மாதிரி கோடுகள் விழும். கேலிபரேஷனில் மிச்சமிருக்கும் பிழை அந்தக் கோடுகளை மொத்தமாகத் துடைக்க விடாது. 80 மில்லி ஜான்ஸ்கி மூலம் ஒன்று இருந்து, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எஞ்சினால் போதும், உங்கள் 130இல் பாதிக்கு மேல் அதுவே கொடுத்துவிடும்.

செல்ஃப் கேலிபரேஷன் (படத்தில் உள்ள மூலங்களை வைத்தே பிழையைத் திருத்துவது) எத்தனை சுற்று ஓட்டினீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆர்கைவில் இருந்து வெறும் ஃபேஸ் கேலிபரேட்டரை மட்டும் நம்பி எடுத்த படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மின்காந்தன்:

டேட்டா பக்கம் அண்ணன் சொல்லிவிட்டார், நான் இயற்பியல் பக்கம் வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

காமா கதிர் ஜெட்டுக்குள்ளேயே பிறக்கிறது. பின்னொளி அந்த ஜெட் போய்ச் சுற்றியிருக்கும் வாயுவில் மோதும்போது எழும் அதிர்வலையில் பிறக்கிறது. அங்கே முடுக்கம் பெறும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் கதிர்களை விடுகின்றன. அதிர்வலை வேகம் இழக்க இழக்க, நிறமாலையின் உச்சம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். ஒளி அலைகளைச் சில மணி நேரத்தில் கடந்துவிடும், சென்டிமீட்டர் அலைகளுக்கு வந்து சேர நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். எக்ஸ்ரேக்காரர்கள் மங்கிப்போவதைத் துரத்துகிறார்கள், நாம் ஏறி வருவதற்காகக் காத்திருக்கிறோம்.

கீழ் அலைவரிசையில் இன்னொரு தடை உண்டு, சுய உட்கவர்தல். அந்தப் பிளாஸ்மா தான் விடும் ரேடியோவைத் தானே விழுங்கிக்கொள்ளும். பெரும்பாலான பின்னொளிகளில் இந்த எல்லை முதல் சில வாரங்களுக்குச் சில கிகாஹெர்ட்ஸில் நிற்கும். அதற்குக் கீழே ஃப்ளக்ஸ் (வந்து சேரும் ரேடியோவின் அளவு) அலைவரிசையின் இருமடிக்கு ஏற்பச் சரியும். இப்போது உங்கள் புள்ளிக்குக் கணக்குப் போடலாம். ஆறாம் நாளில் 8.5 கிகாஹெர்ட்ஸில் 300 மைக்ரோ ஜான்ஸ்கி இருந்தது என்று வையுங்கள், அதுவே நல்ல பிரகாசமான பின்னொளிதான். உட்கவர் எல்லை 5 கிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக இறங்கி சுமார் 250 ஆகும், அதற்குக் கீழே இருமடி விதி பிடித்துக்கொள்ளும், 1.26க்கு வரும்போது 15 பக்கம்தான் மிஞ்சும். நீங்கள் 130 பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அது உண்மையென்றால் மேல் அலைவரிசையில் இந்த வெடிப்பு உலகமே பேசும் அளவுக்குப் பிரகாசமாக இருந்திருக்க வேண்டும், அல்லது உட்கவர் எல்லை மிகத் தாழ்வாக இருந்திருக்க வேண்டும், அல்லது நம் பால்வெளி மண்டலத்தின் மினுமினுப்பு அந்த நேரத்தில் பார்த்துத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். மூன்றும் நடக்காதவை இல்லை. ஆனால் மூன்றையும் விட, அது நட்சத்திரக் கோட்டின் மிச்சம் என்பதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

மினுமினுப்பு என்றதும் 1997ஐச் சொல்லாமல் போக முடியாது. போதான் பச்சின்ஸ்கியும் ஜேம்ஸ் ரோட்ஸும் 1993லேயே காமா வெடிப்புக்குப் பிறகு ரேடியோ வரும் என்று எழுதிவிட்டார்கள். அப்போது வெடிப்புகள் நம் மண்டலத்தின் ஓரத்தில் நடக்கின்றனவா, அண்டத்தின் கோடியில் நடக்கின்றனவா என்பதே தீராத சண்டை. 1997 மே 8ஆம் தேதி வெடிப்பை பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் பிடித்துத் துல்லியமான இடம் கொடுத்தது, கெக் தொலைநோக்கி செந்நகர்வு (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு, தொலைவைக் காட்டும்) 0.835 என்று அளந்தது, கிட்டத்தட்ட 700 கோடி வருடம் பயணம் செய்து வந்த ஒளி. தொலைவுச் சண்டை அதோடு முடிந்தது. ஃப்ரெய்லின் குழு விஎல்ஏவில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது, ஐந்தாவது நாள் வாக்கில் ரேடியோ தென்பட்டது, முதல் ரேடியோ பின்னொளி அதுதான்.

தென்பட்டதோடு நிற்கவில்லை, அது தாறுமாறாக ஏறி இறங்கியது. முதலில் கருவிக் கோளாறோ என்று தோன்றும் அளவுக்கு ஆட்டம். சுமார் ஒரு மாதம் கழித்து ஆட்டம் அடங்கியது. நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது, ஏனென்றால் கோளுக்கு வட்டம் பெரிது. அதே கதைதான் இங்கேயும்: மண்டலத்துக்கு நடுவே இருக்கும் மின்னூட்ட வாயு சின்ன மூலத்தை மட்டும்தான் மினுக்க வைக்கும். ஆட்டம் நின்ற நாளில் அந்த நெருப்புக்கோளத்தின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. ஒரு மாதத்தில் அவ்வளவு விரிய வேண்டுமென்றால் ஒளி வேகத்தை ஒட்டி விரிந்திருக்க வேண்டும். எந்தத் தொலைநோக்கியாலும் நேரில் பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றின் அளவை அது மினுக்குவதை வைத்தே அளந்துவிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், பலரும் பாடத்தில் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிறகு 2003 மார்ச் 29 வெடிப்பு, செந்நகர்வு 0.17 பக்கம், நம் கணக்குக்குப் பக்கத்து வீடு. அதைக் கண்டங்கள் தாண்டி இணைத்த ரேடியோ தொலைநோக்கிகளால் நேராகவே அளந்தார்கள், விரிவது கண்ணெதிரே தெரிந்தது.

இருநூறாம் நாள் வரை ஏன் என்றால், கடைசிக் கட்டத்தில் ஜெட் ஒளி வேகத்தை விட்டு மிகவும் தாழ்ந்து, எல்லாப் பக்கமும் பரவிக் கோளமாகிவிடும். அப்போது அது நம்மை நோக்கிக் குவிந்திருந்ததா என்ற தொல்லையே இல்லாமல் மொத்த ஆற்றலைக் கணக்கிடலாம். 1997 மே வெடிப்பை 450 நாள் பின்தொடர்ந்து அப்படித்தான் ஆற்றலை எடை போட்டார்கள். எக்ஸ்ரேயும் ஒளியும் அதற்குள் மறைந்துவிடும், ரேடியோ மட்டும்தான் அவ்வளவு நாள் தாங்கும்.

நீலகிரிக்காரன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஊட்டி பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவு முழுக்க ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, அதை வைத்து இதைத் தேட முடியாதா? சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், அவ்வளவு பெரிசு.

மின்காந்தன்:

பெரிசுதான், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் மலைச்சரிவைப் பூமியின் அச்சுக்கு இணையாக வருமாறு தேர்ந்தெடுத்துக் கட்டியது, 1970இல் இருந்து ஓடுகிறது. ஆனால் அது வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸில். மேலே போட்ட இருமடி விதியை இன்னும் கீழே இழுத்துப் பாருங்கள், பெரும்பாலான பின்னொளியில் அங்கே ஒரு மைக்ரோ ஜான்ஸ்கி மிஞ்சினால் பெரிது. தவிர, அதன் பார்வை அகலமானது, ஒரே பீமுக்குள் பல மூலங்கள் கலந்துவிடும், மங்கலான ஒன்றைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சூரியக் காற்று ரேடியோ மூலங்களை மினுக்க வைப்பதை அளப்பதில் ஊட்டிக்குப் பல பத்தாண்டு அனுபவம். மினுமினுப்பை வைத்து அளவு கண்டுபிடிக்கும் வித்தை நம் ஊர் மலையில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சுற்றறிக்கைகளைப் படித்தேன், 10 கிகாஹெர்ட்ஸில் எட்டாம் நாள் ஒரு குழு பார்த்திருக்கிறது, மங்கலாகத் தெரிந்ததாக எழுதியிருக்கிறார்கள், இருநூறு மைக்ரோ ஜான்ஸ்கிக்கும் கீழேதான். அதே நேரத்தில் 1.26இல் 130 என்றால் மின்காந்தன் சொன்ன கணக்கு இடிக்கிறது. படத்தில் ஏழு ஆர்க்மினிட் தள்ளி ஒரு பிரகாசமான மூலமும் இருக்கிறது, அதன் ஒரு கோடு கிட்டத்தட்ட என் புள்ளி வழியாகத்தான் போகிறது. கலர் ஸ்கேலை இறுக்கிய பிறகுதான் தெரிந்தது. மறுபடி ஃப்ளாகிங் செய்து, செல்ஃப் கேலிபரேஷன் ஓட்டுகிறேன், லேப்டாப் ஃபேன் இப்போதே அலறுகிறது.

அந்த 304, 95 விஷயத்துக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே? இன்னொன்றும் கேட்கிறேன். ஜெட் நம்மை நோக்கி இல்லாவிட்டால் காமா கதிர் நமக்குத் தெரியாது, ஆனால் ரேடியோ பிற்பாடு எல்லாப் பக்கமும் பரவும் என்கிறீர்கள். அப்படியானால் எந்த எச்சரிக்கையும் இல்லாமலே வானத்தில் பின்னொளிகளைத் தேடலாமா? டேட்டா எல்லாம் பொதுவில்தானே இருக்கிறது.

டிஷ்_முப்பது:

304க்கு 95 என்பது பின்னொளியின் குணத்தை விட அன்றைய விஎல்ஏவின் கண் பார்வையைத்தான் அதிகம் சொல்கிறது. அந்தத் தொகுப்பிலேயே பாருங்கள், தெரிந்தவற்றின் உச்சங்களும் தெரியாதவற்றின் மேல் வரம்புகளும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் உரசிக்கொண்டு நிற்கின்றன. கருவியின் வாசற்படியில் நிற்கும் கூட்டம் அது, கொஞ்சம் கூர்மையான கருவி இருந்தால் இன்னும் பல உள்ளே வந்திருக்கும். இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு. ஹான்காக், கேன்ஸ்லர், மர்ஃபி மூவரும் 2013இல் தெரியாதவற்றின் டேட்டாவை எல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே ரேடியோவில் மங்கலான தனிக் கூட்டம் ஒன்று இருக்கிறது என்றார்கள். நான் முதல் கட்சி. ஆனால் இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது, அதற்கு நல்ல கருவியில் எடுத்த நீண்ட நாள் டேட்டா வேண்டும், பலர் பத்தாம் நாளில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் கடையைக் கட்டிவிடுகிறார்கள். தொலைநோக்கி நேரத்தை ஒதுக்கும் குழுக்களும் "முதல் முறை தெரியவில்லையே, மறுபடி எதற்கு" என்றுதான் கேட்கின்றன. அதனால் உண்டாகும் சாய்வு அந்த எண்ணிக்கைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜிஎம்ஆர்டியிலேயே உதாரணம் உண்டு. 2017 டிசம்பர் 5 வெடிப்பு, பக்கத்தில் நடந்த மங்கலான வகை. 250 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ் வரை சுமார் ஆயிரம் நாள் பின்தொடர்ந்தார்கள். உங்கள் ப்ராஜெக்டுக்கு முன் அந்தக் கட்டுரையை ஒரு தடவை படித்துவிடுங்கள், இதே பேண்ட், இதே மாதிரி டேட்டா.

எச்சரிக்கை இல்லாத தேடல் பற்றி: செய்கிறார்கள், அவற்றுக்கு அனாதைப் பின்னொளி என்றே பெயர். ஜெட்டின் அகலம் சில டிகிரிதான், அதனால் நம்மை நோக்கி வரும் ஒவ்வொன்றுக்கும் வேறு பக்கம் பார்க்கும் வெடிப்புகள் பல இருக்க வேண்டும். எண்ணிக்கை நம் பக்கம், வெளிச்சம் நம் பக்கம் இல்லை. விஎல்ஏஎஸ்எஸ் ஒரு சுற்றில் எடுத்த படத்தின் இரைச்சல் சுமார் 120 மைக்ரோ ஜான்ஸ்கி. ஐந்து சிக்மா என்றால் 600. சாதாரணப் பின்னொளி இருநூறு முந்நூறில் முடிந்துபோகும். ஆக அந்தப் படங்களில் சிக்குவது மிகவும் பக்கத்தில் நடந்ததாக இருக்க வேண்டும்.

சிக்கியதும் உண்டு. 2018இல் கேசி லாவின் குழு 1990களின் ஃபர்ஸ்ட் பட்டியலையும் விஎல்ஏஎஸ்எஸ் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1993 பக்கம் இருபது மில்லி ஜான்ஸ்கிக்கு மேல் இருந்த ஒரு மூலம் 2017இல் காணாமல் போயிருந்தது. சுமார் 28 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு குட்டி மண்டலத்தில் இருந்தது. இடைப்பட்ட வருடங்களில் வேறு தொலைநோக்கிகள் எடுத்த டேட்டாவை எல்லாம் தோண்டி எடுத்து அது இறங்கிய கோட்டை வரைந்தார்கள். பிற்பாடு ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கிக் குழுமம் அளந்த அளவும் அனாதைப் பின்னொளி என்ற விளக்கத்தோடு ஒத்துப்போனது. யாரும் அந்த நாளில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, எல்லாம் பழைய வட்டுகளில் கிடந்தது.

இந்த வேலையில் நேரம் முழுவதையும் தின்பது கருந்துளைகள். மண்டல மையங்களில் இருக்கும் கருந்துளைகள் தாங்களே ஏறி இறங்கும், வெறும் மினுமினுப்பாலும் ஏறி இறங்குவது போல் தெரியும். மாறுகிறது என்று நீங்கள் கண்டுபிடிக்கும் நூற்றில் பெரும்பாலானவை அவைதான். மூலம் மண்டலத்தின் மையத்தில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று ஒளிப்படத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் முதல் சல்லடை.

மின்காந்தன்:

ஜெட் பக்கவாட்டில் இருந்தால் எப்படித் தெரியும் என்பதற்கு 2017 ஆகஸ்ட் 17ஐ விடச் சிறந்த பாடம் இல்லை. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது, 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் மங்கலான ஒரு காமா வெடிப்பைப் பார்த்தது. 13 கோடி ஒளியாண்டுதான் தொலைவு, ஆனாலும் ரேடியோவில் இரண்டு வாரத்துக்கு ஒன்றுமே இல்லை. பதினாறாம் நாள்தான் விஎல்ஏவில் தெரிந்தது. பிறகு இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது, ஐந்து மாதம் ஏறியது. ஜிஎம்ஆர்டியும் அந்த ஏற்றத்தை அளந்தது. முதல் வாரத்தோடு நிறுத்தியிருந்தால் "ரேடியோவில் இல்லை" என்ற பட்டியலில்தான் அதுவும் போயிருக்கும். பிற்பாடு நீண்ட பேஸ்லைன் அளவீட்டில் ஒளியை விட நான்கு மடங்கு வேகமாக நகர்வது போலத் தெரிந்தது. அது தோற்றம்தான், விதி ஒன்றும் மீறப்படவில்லை, ஆனால் ஒடுங்கிய ஜெட் ஒன்று நமக்குச் சற்றுச் சாய்வாகப் போகிறது என்பதற்கு அதை விட வலுவான சாட்சி கிடையாது.

எதிர்ப் பக்கமும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே தாமதமாகத்தான் வரும் என்று நினைத்துவிடுவீர்கள். ஜெட்டின் சொந்தப் பொருளுக்குள்ளேயே திரும்பி ஓடும் எதிர் அதிர்வலை என்று ஒன்று உண்டு, அது முதல் நாளிலேயே ரேடியோவைப் பளிச்சென்று காட்டிவிட்டு மறையும். 2013 ஏப்ரல் 27 வெடிப்பில் ஏஎம்ஐ அதைப் பிடித்தது, ஸ்விஃப்ட் எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்காமல் தானே திரும்பும்படி அமைத்திருந்ததால். 2022 அக்டோபர் 9இல் வந்த, இதுவரை பார்த்ததிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பிலும் சில மணி நேரத்துக்குள்ளேயே ரேடியோ ஏறுவதைப் பதிவு செய்தார்கள். அதெல்லாம் 15 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நடக்கும் சமாச்சாரம், பேண்ட் 5க்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

பொருநைக்கரை:

ஓடி முடிந்தது. ஜிபிஎஸ் சேனல்களைச் சுத்தமாக வெட்டி எறிந்து, மோசமாக இருந்த ஒரு டிஷ்ஷையும் தூக்கிவிட்டு, செல்ஃப் கேலிபரேஷன் செய்த பிறகு இரைச்சல் 24க்கு இறங்கியிருக்கிறது. புள்ளி இப்போது 50 பக்கம், அதாவது இரண்டு சிக்மா. பட்டியலோடு ஒப்பிட்டதில் படம் கால் ஆர்க்செகண்ட்கூட நகரவில்லை. டேட்டாவை நேரத்தால் இரண்டாகப் பிரித்தும் பார்த்தேன், முதல் பாதியில் மட்டும்தான் ஏதோ இருக்கிறது. ஆர்கைவில் இதே வெடிப்புக்கு இரண்டு மாதம் கழித்து எடுத்த இன்னொரு பேண்ட் 5 டேட்டா இருப்பதையும் கண்டுபிடித்துவிட்டேன், டவுன்லோட் போட்டிருக்கிறேன். முதல் எபோக்கை (முதல் தடவை பார்த்ததை) என்னவென்று எழுதுவது? புள்ளியை விட்டுவிடலாமா?

டிஷ்_முப்பது:

பாதியாகப் பிரித்ததை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். மூன்று சிக்மா மூலத்தை இரண்டாக வெட்டினால் உண்மையாக இருந்தாலும் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு சிக்மாதான் மிஞ்சும், ஒன்றில் காணாமலும் போகலாம். கோடு அதன் வழியாகப் போவதும், இரைச்சல் குறைந்ததும் அதுவும் கூடவே சுருங்கியதும்தான் வலுவான காரணம்.

எழுதும்போது "இல்லை" என்று எழுதாதீர்கள், "6ஆம் நாள், 1.26 கிகாஹெர்ட்ஸ், மூன்று சிக்மா மேல் வரம்பு 72 மைக்ரோ ஜான்ஸ்கி" என்று எழுதுங்கள். அதோடு எக்ஸ்ரே மையத்தில் படம் காட்டும் ஃப்ளக்ஸையும் அதன் பிழையோடு தனியாகக் கொடுங்கள், பிற்பாடு யாராவது பலவற்றை அடுக்கிப் பார்க்க நினைத்தால் வரம்பை விட அதுதான் அவர்களுக்குப் பயன்படும். 10 கிகாஹெர்ட்ஸ் அளவோடு உங்கள் 72ஐ வைத்தால் உட்கவர் எல்லை எங்கே இருக்கலாம் என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும், ப்ராஜெக்டில் ஒரு பிரிவுக்கு அது தாராளம்.

இரண்டாம் எபோக்கில் அதே ஃப்ளக்ஸ் கேலிபரேட்டரா (பிரகாச அளவுகோலாக வைக்கும் தெரிந்த மூலமா) என்று பாருங்கள், 3சி48க்குப் பதில் 3சி286 என்று மாறியிருக்கலாம். இரண்டு படத்தையும் ஒரே பீம் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கும் நான்கைந்து நிலையான மூலங்களின் ஃப்ளக்ஸ் இரண்டிலும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபாருங்கள். அப்புறம்தான் வெடிப்பு இருந்த இடத்துக்குப் போக வேண்டும்.